கேட்பவரை வரைந்த சுவரொட்டி: கல்லடிப் பணியகம் ஒன்றின் வேலை

இசை விழாவுக்கோ கூத்து அரங்கேற்றத்துக்கோ சுவரொட்டி செய்விக்க மட்டக்களப்பில் நல்ல ஆளைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லடி உப்போடையில், கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன்விறாந்தையைப் பலகையால் அடைத்து ஓர் அக்காவும் தம்பியும் வரைகலைப் பணியகம் நடத்துகிறார்கள். இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. "போஸ்டர் கீறுற அக்காட வீடு" என்று கேட்டால் அயலில் எவரும் காட்டுவார்கள். சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த அக்கா கையால் வரைகிறார். தம்பி கணினியில் எழுத்தடுக்கி, நிறம் பிரித்து, அச்சகத்தோடு பேசி வேலையை முடித்துக் கொடுக்கிறார். எமது மன்றத்தின் இசை விழாச் சுவரொட்டியை இவர்களிடம் செய்வித்தோம். நிலக்காட்சியைப் பார்ப்பதிலும் தமிழ் எழுத்தை வரைவதிலும் இவர்களுக்கு நிகரான வேலையை இந்த ஊரில் நான் கண்டதில்லை. அச்சுக்குக் கொடுக்கும் கட்டத்தில்தான் இவர்கள் இன்னும் தேற வேண்டியிருக்கிறது.

எங்களூர் விழாக்களின் பதாகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றின் உருவம் மனப்பாடமாக இருக்கும். நடுவில் யாழேந்திய மீன்மகள் ஒருத்தி, பின்னால் 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்கள், ஒரு மூலையில் 1913ஆம் ஆண்டு முகத்துவாரத்து வெளிச்சவீடு, இன்னொரு மூலையில் கோட்டையின் கொத்தளம், இவற்றுக்கிடையே கிடைத்த இடமெல்லாம் அதிதிகளின் முகங்கள். இவை ஒவ்வொன்றும் எங்களுடையவைதான். ஒவ்வொன்றின் மீதும் எனக்குப் பற்று உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கும்போது அது ஊரின் காட்சியாக அமைவதில்லை, ஊரின் சின்னங்களை எழுதிவைத்த பட்டியலாகிவிடுகிறது. அடையாளச் சின்னங்களைக் கொண்டு "இது மட்டக்களப்பு" என்று சொல்லலாம். அன்றிரவு வாவிக்கரையில் வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது. விழாச் சுவரொட்டி சொல்ல வேண்டியது இரண்டாவதைத்தான்.

முதற்சந்திப்பிலேயே இந்தப் பணியகத்தின் வேலைமுறை வேறு என்று தெரிந்தது. வழமையாக எந்த வடிவமைப்பாளரும் முதலில் கேட்பது அளவு, நிறம், எத்தனை படம் என்பவற்றைத்தான். அந்த அக்கா கேட்டது மேடை எந்தத் திசையில் அமையப்போகிறது என்று. வாவிக்கரையில், தண்ணீரை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கலைஞர்கள் நிற்பார்கள் என்று சொன்னோம். அப்படியென்றால் சனம் மேற்கே, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையைப் பார்த்தபடி இருக்கும், பொழுது மேடைக்குப் பின்னால் மறையும், பூரணை நிலவு சனத்தின் முதுகுப்பக்கம் கடலிலிருந்து எழும்பும் என்று அவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். பூரணையன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலவு கிழக்கில் உதிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விழாவுக்கு வருகிற எவரும் திரும்பிப் பார்த்தாலொழிய அந்த நிலவைக் காணமாட்டார்கள் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. "சேர், சனம் காணாத பக்கத்தைக் கீறுவம்" என்றார். அதாவது, வாவியின் நடுவிலிருந்து, கிழக்கே கடற்பக்கமுள்ள எங்கள் எழுவான்கரையைத் திரும்பிப் பார்க்கும் காட்சியே சுவரொட்டி.

அதை வரைவதற்குப் புகைப்படம் போதாது என்று சொல்லி, எங்களையும் அழைத்துக்கொண்டு பின்னேரமொன்றில் தோணியில் புறப்பட்டார். இந்தப் பணியகத்தின் கட்டணத்தில் இப்படியான களப்பார்வையும் அடங்கும் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். தோணிகாரர் பரம்பரையாக வாவியில் வலை வீசுகிறவர். பாலத்திலிருந்து சற்று விலகி, வள்ளங்களின் இரைச்சல் அடங்கிய இடத்தில் தோணியை நிறுத்தி, சவளின், அதாவது துடுப்பின், அலகைத் தண்ணீருக்குள் நட்டு, மேல்நுனியை அந்த அக்காவின் பக்கம் சாய்த்து, "கதைக்காம காதை வெச்சுப் பாருங்க புள்ள" என்றார்.

வாவி மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்பாடலைக் கேட்கும் முறை இதுதான் என்பதை இங்கு வளர்ந்தவர்கள் அறிவார்கள். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான மாதங்களில், நிலவு நிறைந்த இரவுகளில், கல்லடிப் பாலத்தடியில் அந்த ஒலி கேட்கும் என்பார்கள். 1950களில் இங்கிருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்தார் என்பதும், பின்னர் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது என்பதும் பதிவில் உள்ள செய்திகள். ஒலியை எழுப்புவது எது என்ற கேள்வியை இங்கே எடுக்கவில்லை. சுவரொட்டிக்கு அது தேவைப்படவுமில்லை. தேவைப்பட்டது, ஒரு மனிதர் சவள் நுனியில் காதை வைத்து உடம்பை அசைக்காமல் குந்தியிருக்கும் அந்த நிலைதான்.

படத்தின் மையம் அதுவாகவே வந்தது. நெடுக்குவாட்டில் 420 மில்லிமீற்றர் அகலமும் 594 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட ஏ2 தாள். மேலே மூன்றிலொரு பங்கு வானம். அதன் கீழ்விளிம்பில் தென்னைகள் நெருங்கிய எழுவான்கரை, ஒரே கருமையில், உட்கோடுகள் இல்லாமல். தென்னோலைகளின் மேல் பாதி எழுந்த நிலவு. கரையோரத்தில் மஞ்சள் புள்ளிகளாக விளக்குகள். அவற்றில் ஒரு கூட்டம் மட்டும் சற்று நெருங்கிச் செறிந்திருக்கும், அதுதான் விழா நடக்கும் இடம். அதற்குக் கீழே தாளின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் வலப்பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே, சிறிய தோணியும் அதில் ஒருவரும். அவருடைய முகம் தெரியாது. வளைந்த முதுகு, சவளைப் பிடித்த இரு கைகள், நுனியோடு ஒட்டிய காது. பார்ப்பவரின் கண் முதலில் நிலவுக்குப் போய், நிலவின் தெறிப்பு வழியே கீழிறங்கி, தோணியில் வந்து நிற்கிறது.

இசை விழாவுக்கான படத்தில் பாடுகிறவர் இல்லை, வாத்தியம் இல்லை, மேடைகூட ஒளிப்புள்ளிகளாகத்தான் இருக்கிறது என்று மன்றத்தில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கோ, சங்கீதம் படிப்பிக்கிறவன் என்ற முறையில், இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது என்று பட்டது. பாடுகிறவரை வரைந்த சுவரொட்டி அந்தப் பாடகரைத் தெரிந்தவர்களைத்தான் கூப்பிடும். கேட்கிறவரை வரைந்தால், பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அதில் தானிருக்க இடம் கிடைக்கிறது. எங்கள் விழாவிலோ வடமோடிக் கூத்துப் பாடல்கள், பறைமேளம், பக்கீர்மாரின் றபான் கொட்டு, பறங்கியர் சமூகத்தின் கப்றிஞ்ஞா ஆடலிசை, தேவாலயப் பாடகர் குழு, கர்நாடக இசை என்று பல வகை. இதில் ஒருவரின் வாத்தியத்தை வரைந்து மற்றவரை விட்டால் மனத்தாங்கல் வரும். எல்லாவற்றையும் வரைந்தால் திரும்பவும் பட்டியலாகிவிடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சுவரொட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு தொடுப்பு இருந்தும் அலையடிக்காத நீர். பொழுது சாயும் நேரத்தில் அதன் மேற்பரப்பில் நீண்ட கிடைக்கோடுகள்தான் தெரியும். அக்கா அந்தக் கோடுகளை ஏழாகக் குறைத்தார். ஏழும் தாளின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை ஓடுகின்றன. மேலே நெருக்கமாகவும் கீழே வரவர இடைவெளி கூடியும். தூரத்தில் நின்று பார்த்தால் நீர்; நெருங்கினால் நரம்பு. பழந்தமிழர் யாழ் வகைகளில் ஒன்றான செங்கோட்டியாழின் நரம்புகள் ஏழு என்பதிலிருந்து அந்த எண்ணிக்கையை எடுத்ததாகச் சொன்னார். காரைதீவில் 1892இல் பிறந்து, யாழின் பழைய வடிவங்களை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் அடக்கமாகியிருப்பது இந்தக் கல்லடி உப்போடையில்தான். ஆயினும் எங்கள் பதாகைகளில் மீன்மகளின் கையிலிருப்பது பெரும்பாலும் ஐரோப்பியப் படங்களிலிருந்து எடுத்த சிறு நரம்பு வாத்தியமாகவே இருக்கும். அதைச் சுட்டிக்காட்டிக் குறை சொல்லாமல், யாழையே வரையாமல், நீரில் ஏழு நரம்பு கட்டிவிட்டார் இந்தப் பெண்பிள்ளை. சவள் தண்ணீரில் இறங்கும் இடத்தில் மட்டும் நான்காவது கோடு அறுந்து, சிறு வட்டங்களாக விரிந்து, பிறகு மீண்டும் நேராகிறது. மீட்டிய நரம்பின் அதிர்வு அது. இதை யாரும் விளக்காமலேயே எங்கள் மாணவர்கள் சிலர் கண்டுபிடித்துக் கேட்டார்கள்.

பாலத்தைப் பற்றி மன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. பாலம் இல்லாத மட்டக்களப்புப் படமா என்று மூத்தவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் வரைபில் பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் சேர்ந்தே இருந்தன. ஆனால் பாலத்தின் சட்டங்கள் மூலைக்கோடுகள். அவை வந்தவுடன் கண் அங்கேயே சிக்கிக்கொள்கிறது, ஏழு கிடைக்கோடுகளின் அமைதி கெட்டுப்போகிறது. அதை அந்த அக்கா வாயால் வாதிடவில்லை. பாலமுள்ள பிரதியையும் பாலமில்லாத பிரதியையும் ஒரே அளவில் எடுத்து, மன்றத்து மண்டபச் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டி, எல்லாரையும் வாசலில் நின்று பார்க்கச் சொன்னார். முடிவில் பாலம் போனது. வாடிக்கையாளரோடு கருத்து மாறுபடும்போது இப்படிக் காட்டித் தீர்க்கும் பழக்கம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கோபுரம், பள்ளிவாசல் மினாரா, தேவாலயக் கூர்முனை மூன்றையும் கரையோரத்தில் சம உயரத்தில் வரைய வேண்டும் என்ற யோசனையும் வந்தது. நல்லெண்ணத்தோடு வந்த யோசனை. எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருவதால், யாரும் விடுபடக் கூடாது என்ற கவலை எப்போதும் இருக்கும். பணியகத்தார் சொன்ன மாற்று, விளக்குகளைக் கரை முழுவதும் ஒரே மாதிரி விரவுவது. இரவில் தண்ணீரிலிருந்து பார்க்கும்போது எந்த விளக்கு எந்த ஊருடையது என்று பிரித்தறிய முடியாது. கண்ட உண்மையும் அதுதான். விளக்குகளின் தெறிப்புகள் ஏழு கோடுகளையும் வெட்டிக்கொண்டு இறங்கும் விதத்தை அவர் தூரிகையால் கையாண்டிருப்பது மிக அழகு.

எழுத்துக்கு வருகிறேன். தலைப்பு எழுத்துருவிலிருந்து எடுத்தது அல்ல, கையால் வரைந்தது. "இசை விழா" என்ற இரண்டு சொற்களும் வானத்தில் இல்லை, தண்ணீரின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. எழுத்துகளின் மேல்விளிம்பு ஒரு நீர்க்கோட்டில் தொங்குகிறது. "இ" எழுத்தின் உட்சுழி தோணியடியில் விரியும் வட்டங்களின் அதே வளைவில் அமைந்திருக்கிறது. "சை"யின் முன்கொம்பு இரட்டைச் சுழியாகப் பிசகில்லாமல் நிற்கிறது. "ழா"வில் ழகரத்தின் வால் அடுத்த கோட்டையும் தாண்டிக் கீழிறங்கித் தண்ணீருக்குள் போகிறது. அழகுக்காக எழுத்தை நெளிக்கும்போது வாசிக்க முடியாமல் போவதுதான் வழமை. இங்கே ஓடும் மோட்டார்சைக்கிளில் இருந்தும் தலைப்பை வாசிக்க முடிந்தது. வாசித்ததாகச் சொன்னவர்கள் பலர். சிறிய விவரங்களுக்கு முக்தா மலர் என்ற இலவச யூனிகோட் எழுத்துருவைத் தடிப்பு மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஒரே எழுத்துருக் குடும்பத்துக்குள் நாள், இடம், கலைஞர் என்று மூன்று தடிப்பு மட்டும். பதாகை ஒன்றில் ஐந்தாறு எழுத்துருக்களைக் கலந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய ஓய்வு.

நாங்கள் கொடுத்த விவரம் பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அதை யூனிகோடுக்கு மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பிசகுவது எல்லாரும் அறிந்த தொல்லை. தம்பி மாற்றியதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பெயரையும் எங்களோடு தொலைபேசியில் வாசித்து ஒப்பிட்டார். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு முறையைத் தெரிவுசெய்யாவிட்டால் "கொ", "சை" போன்றவை உடைந்து, கொம்பு இடம்மாறி நிற்கும். நகரில் எத்தனையோ பதாகைகளில் அந்த உடைந்த எழுத்துகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இவர்கள் செய்த தாளில் அப்படி ஓர் எழுத்துகூட இல்லை. சிங்கள வரிகளைப் பொறுத்தவரை இதே கவனத்தைச் சொல்ல முடியாது. இருவருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சரிபார்க்க ஆள் ஒழுங்குசெய்யும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. மூன்று மொழியிலும் சுவரொட்டி வேண்டுமென்று வருகிறவர்கள் அநேகராக இருக்கும் மாவட்டத்தில், அதைப் பணியகமே பொறுப்பெடுக்க வேண்டும்.

நிறங்கள் நான்குதான். வாவியின் பச்சை கலந்த நீலம், வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்ணாக்காட்டின் கரும்பச்சை, நிலவின் வெளிர்மஞ்சள், இவற்றோடு தோணிகாரரின் சாரத்தில் மட்டும் கூத்துடுப்பின் சிவப்பு. நிறத்தை இப்படி எண்ணிக் குறைக்கும் வழக்கத்துக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1938 முதல் 1941 வரை அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக அரசு உதவியில் பட்டுத்திரை அச்சில் உருவான சுவரொட்டிகள், மலையையும் நீரையும் தட்டையான சில நிறங்களால் மட்டுமே சொன்னவை. ஜெனீவா ஏரிக்கரையில் 1967 முதல் நடக்கும் மொந்த்ரோ ஜாஸ் விழாவோ, 1983இல் கீத் ஹாரிங் செய்ததைப் போல, ஓவியர்களிடமே சுவரொட்டியை ஒப்படைக்கும் விழா. இவ்விரு வகைப் படங்களையும் பணியகத்தின் சுவரில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பார்த்துக் கற்றிருக்கிறார்கள், பார்த்து ஒற்றியெடுக்கவில்லை.

இனி அச்சு. கணினித் திரையில் அந்தப் பச்சைநீலம் உள்ளிருந்து ஒளிர்வதாகத் தெரிந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. தாளிலோ சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால்தான் அதைக் கட்ட வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலப்பச்சைகள் பலவற்றை இந்த நான்கு மைகளால் எட்ட முடியாது. தம்பிக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் மாதிரிப் பிரதியைத் திரையிலேயே காட்டி எங்கள் ஒப்புதலை வாங்கிவிட்டார். அச்சகத்திலிருந்து வந்த முதற்பிரதியில் வாவி மங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தப் பிரதியைக் கண்டதும் அக்காவே வேலையை நிறுத்தச் சொல்லி, சியானைக் கூட்டி, மஜெண்டாவைக் குறைத்து, புதுத் தகடு எடுக்க வைத்தார். தகட்டுச் செலவைப் பணியகம் ஏற்றுக்கொண்டது நேர்மை. நாட்கள் போனது போனதுதான். இவர்களிடம் வேலை கொடுப்பவர்கள் தாளில் எடுத்த வண்ண மாதிரியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள்.

இன்னொரு குறை தமிழுக்கே உரியது. மற்ற வடிவமைப்பாளர்களும் கவனிக்க வேண்டியது. முதல் அமைப்பில் கலைஞர் பெயர்களெல்லாம் கரிய தண்ணீரின் மேல் வெள்ளை எழுத்தாக இருந்தன. வெள்ளை எழுத்து என்பது மை படாமல் விட்ட இடம். நான்கு தகடுகளும் ஒன்றோடொன்று மயிரிழை விலகினாலும், சுற்றியுள்ள மை அந்தச் சிறிய இடத்துக்குள் வந்துவிடும். ஆங்கில எழுத்தென்றால் சற்று மெலியும், அவ்வளவுதான். தமிழில் முதலில் காணாமற் போவது புள்ளி. மெய்யெழுத்துகளெல்லாம் உயிர்மெய்யாகி, மத்தளக்காரர் ஒருவரின் பெயர் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. புதுத் தகடு எடுத்தபோது தாளின் அடியில் நிலவின் வெளிர்மஞ்சளில் ஒரு பட்டையை ஒதுக்கி, சிறிய எழுத்து முழுவதையும் அங்கே தனிக் கறுப்பு மையில் கொண்டுவந்தார்கள். ஒரே மையில் அச்சாவதால் விலகலுக்கு இடமில்லை. புள்ளிகள் எல்லாம் நின்றன. அந்தப் பட்டை படத்துக்கும் உதவியது: நாம் நிற்கும் படுவான்கரையின் மணற்கரையாகவே அது தோன்றுகிறது.

தாள் பற்றிய ஆலோசனை மிக நன்றாக இருந்தது. மன்றத்தார் கேட்டது தடித்த பளபளப்பு ஆர்ட் தாள். சுவரில் பசை பூசி ஒட்டுவதற்கு அது உதவாது, காய்ந்ததும் மூலை சுருண்டு எழும்பும் என்று தம்பி தடுத்து, ஊர்ச்சுவர்களுக்கு மெல்லிய சாதாரணத் தாளிலும், கடைக் கண்ணாடிகளுக்கும் பாடசாலைகளுக்கும் மட்டும் 130 கிராம் ஆர்ட் தாளிலும் பிரித்து அடிக்கச் சொன்னார். கோதுமைமாப் பசையில் ஒட்டிய மெல்லிய தாள்கள் விழா முடிந்த பிறகும் சுவரில் நின்றன. கச்சான் காற்று அடிக்கும் காலம் என்பதால் வீதிக்குக் குறுக்கே துணிப்பதாகை கட்ட வேண்டாம் என்றதும் அவர்தான். கட்டாயம் வேண்டுமென்றால் காற்றுப்போக வெட்டுத்துளை விட வேண்டும், அப்படி விட்டால் படம் கெடும் என்று விளக்கினார். பதாகை அடித்துத் தந்தால் அவருக்குத்தான் கூடுதல் வருமானம் வந்திருக்கும்.

முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் தந்த பிரதிகளில் முதல் முயற்சி சரிவரவில்லை. நெடுக்குப் படத்தைச் சதுரமாக வெட்டியபோது நிலவும் தலைப்பும் தங்கின, தோணிகாரர் போய்விட்டார். அவர் இல்லாத படம் ஏதோ ஒரு விடுதியின் விளம்பரத்தை நினைவூட்டியது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள்: சதுரத்துக்கென்று தனியாக, தோணியை அண்மையாக்கி, கோடுகளை மட்டும் வைத்து வரைந்த படம். அது வட்ஸ்அப் குழுக்களில் நன்றாகப் பரவியது. கைபேசியால் வாசிக்கும் கியூஆர் குறியையும் கரிய நீரில் வெள்ளையாக இட்டிருந்தார்கள். சில தொலைபேசிகள் அதை வாசிக்க மறுத்ததால், அதுவும் மஞ்சள் பட்டைக்குக் கறுப்பாக இறங்கியது.

செலவைச் சொல்வதென்றால், நகரில் எடுத்த படங்களை அடுக்கி ஒரே நாளில் பதாகை செய்து தரும் இடங்களைவிடக் கணிசமாகக் கூட. களப்பார்வை, கைவரைவு, தலைப்பெழுத்து, மூன்று அளவுப் பிரதிகள் எல்லாவற்றையும் பார்த்தால் அந்தத் தொகை நியாயமானது என்பதே என் கணிப்பு. முற்பணம், வரைபு ஒப்புதலின்போது ஒரு பகுதி, மிகுதி கையளிக்கும்போது என்று வாங்குகிறார்கள். எழுத்தில் உடன்படிக்கை எதுவும் இல்லை. அது இருக்க வேண்டும். மூலக்கோப்பு யாருக்குச் சொந்தம், அடுத்த ஆண்டு நாள் மட்டும் மாற்றி அடிக்கலாமா, படத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்றால் வரைந்தவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்விகள் வேலை முடிந்த பிறகுதான் எழுந்தன. பேசித் தீர்த்துக்கொண்டோம், மூல ஓவியம் அவருடையது, சுவரொட்டி மன்றத்துடையது. வேறு மன்றங்கள் இதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுவது நல்லது.

விழாவுக்குப் பிறகு நடந்த ஒன்றை இந்தப் பணியகத்தின் திறமைக்குச் சான்றாகச் சொல்லலாம். மன்றத்தில் எஞ்சிய ஆர்ட் தாள் பிரதிகளை வீட்டில் மாட்டுவதற்கென்று ஆட்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். கேட்டவர்களில் படுவான்கரையிலிருந்து வந்த குடும்பங்களும் இருந்தன. தங்கள் பக்கத்திலிருந்து எழுவான்கரை இப்படித்தான் தெரியும் என்று அவர்கள் சொன்னபோது, காட்சியின் திசையை அந்த அக்கா எவ்வளவு சரியாகத் தெரிவுசெய்திருக்கிறார் என்பது மன்றத்தில் முணுமுணுத்தவர்களுக்கும் விளங்கியது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை அந்தத் துறையில் படகுப்பாதையில் வாவியைக் கடந்தவர்கள் அவர்கள். எழுவான்கரைக்காரர்களான நாங்கள் எங்கள் கரையை எட்டநின்று பார்ப்பது அரிது.

வேலை கொடுக்க விரும்புகிறவர்கள் விழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவேனும் போங்கள். அதற்குக் குறைந்த கால அவகாசத்தில் புது ஓவியம் வரைய அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பெயர்களை யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒருமுறை உரத்து வாசித்துச் சரிபார்த்து, இறுதியான பிரதியாகக் கொண்டுபோங்கள். அதிதிகளின் புகைப்படம் கட்டாயம் வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுக்கமாட்டார்கள், ஆனால் படத்தின் அமைப்பு முழுவதும் அதற்கேற்ப மாறும். முற்பகலில் அக்கா பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பிக்கிறார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போனால் இருவரையும் சந்திக்கலாம்.